பிக்கப் வண்டியின் குரல்: அமெரிக்க மாற்றுச் சைலன்சர்களின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிக்கப் என்று அழைக்கப்படும் வண்டி, முன்னால் ஓட்டுநர் அறையும் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட எளிய உழைப்புக் கருவியாகத் தோன்றி, ஒரு நூற்றாண்டுக்குள் அந்நாட்டுச் சாலைகளில் மிகப் பரவலாகக் காணப்படும் வாகனங்களுள் ஒன்றாயிற்று. அவ்வண்டியின் உருவத்துக்கும் இழுதிறனுக்கும் வரலாறு இருப்பதுபோலவே அது எழுப்பும் ஒலிக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த ஒலியைப் பெரிதும் தீர்மானித்தது, வண்டியைச் செய்த நிறுவனம் பொருத்தி அனுப்பிய சைலன்சரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் வேறொரு நிறுவனத்தின் சைலன்சரைப் பொருத்தும் வழக்கமே ஆகும். அமெரிக்கர் மஃப்ளர் என்று குறிப்பிடும் இக்கருவியை, விற்பனைக்குப் பின் பொருத்தப்படும் நிலையில், இக்கட்டுரை மாற்றுச் சைலன்சர் என்று குறிக்கிறது. ஒலி மிகுந்தால் வலிமையும் மிகும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் பொறியியல் உண்மையாக இருந்ததையும், அந்த உண்மை தேய்ந்த பிறகும் நம்பிக்கை நீடித்ததையும், இறுதியில் ஒலியே தனியொரு விற்பனைப் பொருளாக மாறியதையும் இவ்வழக்கத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஒலி பிறக்கும் விதம்

சிலிண்டருக்குள் எரிந்த வாயு, வெளியேற்று வால்வு திறக்கும் கணத்தில், வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தத்தோடு குழாய்க்குள் பாய்கிறது. அப்பாய்ச்சல் ஒவ்வொன்றும் ஓர் அழுத்த அலையாகக் குழாய் வழியே ஓடி, குழாயின் வாயில் வெடிப்பொலியாக வெளிப்படுகிறது. எட்டு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு என்ஜினில், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிகளுக்கு ஒருமுறை மட்டுமே எரியும் என்ஜினில், கிராங்க் தண்டின் ஒரு சுழற்சிக்கு நான்கு வெடிப்புகள் நிகழும். ஆகவே வண்டி நின்றபடி என்ஜின் நிமிடத்துக்கு 600 சுழற்சியில் இயங்கும்போது நொடிக்கு 40 வெடிப்புகளும், நெடுஞ்சாலையில் 1800 சுழற்சியில் இயங்கும்போது நொடிக்கு 120 வெடிப்புகளும் உண்டாகின்றன. இந்த எண்ணிக்கையே ஒலியின் அடிப்படை அதிர்வெண். அதன் மேல் ஏறி நிற்கும் பல மடங்கு அதிர்வெண்களும், குழாய்க்குள் விரையும் வாயுவின் சீற்றமும் சேர்ந்துதான் ஒரு வண்டியின் குரல் உருவாகிறது. சைலன்சர் இந்தக் கலவையில் எதைக் குறைக்கிறது, எதை விட்டுவைக்கிறது என்பதைப் பொறுத்தே ஒரே என்ஜின் ஒரு வண்டியில் முனகவும் இன்னொரு வண்டியில் உறுமவும் செய்கிறது.

இந்த ஒலியை அடக்கும் முயற்சி மோட்டார் வண்டியின் வயதுக்குக் கிட்டத்தட்ட ஒத்தது. இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் கப்பித் தொழில் நடத்திய மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்ற சகோதரர்கள் 1897-ஆம் ஆண்டில் என்ஜின்களுக்கான சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார்கள். துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவிக்கு 1909-இல் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மேக்சிமும், அதே கொள்கையைப் பின்னர் என்ஜின்களின் கழிவு வாயுவுக்குப் பயன்படுத்தினார். ஆயினும் அக்காலத்துச் சைலன்சர்கள் வாயுவை நெருக்கமான தட்டுகளுக்கும் துளைகளுக்கும் இடையே திருப்பித் திருப்பி விட்டு ஓசையைக் குறைத்தமையால், வாயு எளிதில் வெளியேற முடியாமல் என்ஜினுக்கே எதிராகத் தள்ளியது. பின்னழுத்தம் எனப்படும் இந்த எதிர்ப்பு, ஏற்கெனவே சில பத்துக் குதிரைத்திறனுக்கு மேற்படாத அன்றைய என்ஜின்களின் வலிமையில் உணரத்தக்க பங்கைத் தின்றுவிட்டது.

இதற்குத் தீர்வாக வந்ததே சைலன்சருக்கு முன்பாகக் குழாயில் பொருத்தப்பட்ட திறப்பு வால்வு. மேட்டில் ஏறும்போது ஓட்டுநர் காலால் ஒரு மிதியை அழுத்தினால் வால்வு திறந்து, வாயு சைலன்சரைத் தொடாமல் நேரே வெளியேறும். வண்டி வலுவாக ஏறும், தெருவெங்கும் வெடியோசை கேட்கும். ஓசையும் வலிமையும் ஒரே மிதியில் கிடைத்த இந்தக் காலத்தில்தான் அவ்விரண்டும் ஒன்றே என்ற எண்ணம் ஓட்டுநர் மனத்தில் வேரூன்றியது. சமதளத்திலும் பெருமைக்காக வால்வைத் திறப்போர் பெருகியதால், 1910-களில் பல நகரங்கள் அதன் பயன்பாட்டைத் தடை செய்தன. கலிபோர்னியாவின் வாகனச் சட்டத்தில் 27150-ஆம் பிரிவு இத்தகைய திறப்பையும் மாற்றுவழியையும் இன்றளவும் விலக்கி வைத்திருப்பது அக்காலத்தின் தொடர்ச்சியே.

வி-8 என்ஜினின் தாளம்

ஃபோர்டு நிறுவனம் 1925-இல் தனது டி மாடல் வண்டியில் தொழிற்சாலையிலேயே சரக்குத் தொட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்கத் தொடங்கியபோது, அதன் நான்கு சிலிண்டர் என்ஜின் தந்தது 20 குதிரைத்திறன் மட்டுமே. விவசாயியும் தச்சரும் வாங்கிய அந்த வண்டியின் ஒலியை விரும்பிக் கேட்டோர் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. 1932-இல் அதே நிறுவனம் 65 குதிரைத்திறன் கொண்ட வி-8 என்ஜினை எளியோரும் வாங்கத்தக்க விலையில் வெளியிட்டது. அந்த என்ஜின் பிக்கப்களுக்கும் வந்தபோது, அமெரிக்கச் சாலையின் ஒலியே வேறாயிற்று.

வி-8 என்பது நான்கு சிலிண்டர்கள் ஒரு வரிசையாகவும் நான்கு மற்றொரு வரிசையாகவும் ஒன்றுக்கொன்று சாய்ந்து நிற்கும் அமைப்பு. அமெரிக்க வி-8 என்ஜின்களில் கிராங்க் தண்டின் வளைவுகள், முனையிலிருந்து நோக்கினால் சிலுவைபோல் நான்கு திசையில் நிற்கும். அதிர்வைக் குறைப்பதற்காக 1920-களில் கெடிலாக் போன்ற உயர்விலை வண்டிகளில் புகுத்தப்பட்ட இந்த ஏற்பாடு, ஒலியில் எதிர்பாராத விளைவொன்றை உண்டாக்கியது. எட்டு சிலிண்டர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு 90 பாகைக்கும் ஒரு வெடிப்பு சீராக நிகழ்கிறது. ஆனால் ஒரு வரிசையின் நான்கு சிலிண்டர்களை மட்டும் பார்த்தால் வெடிப்புகளுக்கு இடையிலான தூரம் 90, 180, 270, 180 பாகை என்று ஏறி இறங்குகிறது. கருநாடக இசையின் சொற்களில் கூறினால், எட்டு அட்சரம் கொண்ட ஓர் ஆவர்த்தனம் ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு என்று சமமில்லாமல் பகுக்கப்பட்டு இடைவிடாது சுழல்வதைப் போன்றது அது. அமெரிக்கர் வி-8 என்ஜினின் ஒலியில் கேட்டு மகிழும் கொப்பளிப்பும் உறுமலும் இந்தச் சமமின்மையிலிருந்தே பிறக்கின்றன.

இரு வரிசைகளின் வாயுவையும் ஒரே குழாயில் சேர்த்துவிட்டால் வெடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீராக விழுந்து தாளம் மறைகிறது. விலை குறைவு கருதி பிக்கப்களில் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் செய்தது இதுவே. ஒவ்வொரு வரிசைக்கும் தனிக் குழாயும் தனிச் சைலன்சரும் பொருத்தினால் தாளம் மீண்டும் கேட்கிறது. பிற்காலத்தில் இரு குழாய்களையும் இடையில் ஒரு சிறு பாலக் குழாயால் இணைக்கும் முறையும், இரண்டையும் குறுக்காக ஒட்டி வாயுவைக் கலக்கவிடும் முறையும் வந்தன; முன்னது உறுமலை ஓரளவு காத்து அதன் கரகரப்பை மட்டும் குறைக்கிறது, பின்னது ஒலியைச் சீராக்கி மேல் சுருதிக்குக் கொண்டுபோகிறது. ஆகவே பிக்கப்பின் ஒலியைப் பற்றிய எந்த ஆராய்ச்சியும் சைலன்சரை மட்டும் தனியே எடுத்துப் பேச இயலாது. அதற்கு வந்து சேரும் தாளம் எத்தகையது என்பதே முதற் கேள்வி.

உலர்ந்த ஏரிகளும் கண்ணாடி இழையும்

பெருநகரங்கள் இரைச்சலை அளக்கத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். நியூயார்க் நகரச் சுகாதார ஆணையர் ஷெர்லி வின் 1929-இல் இரைச்சல் தடுப்புக் குழுவொன்றை அமைத்தார். ஒலியளவியைச் சுமந்த டிரக் ஒன்று தெருத்தெருவாகச் சென்று, தொலைபேசித் துறையில் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த டெசிபல் என்ற அலகில் அளவெடுத்தது. போக்குவரத்தே மக்களின் முறையீடுகளில் முதலிடம் பெற்றது. அமைதி பொது நலனுக்கு உரியது என்ற எண்ணம் எண்களின் துணையோடு இவ்வாறு நிலைபெற்றுவந்த அதே ஆண்டுகளில், கண்டத்தின் மறுகரையில் அதற்கு நேர்மாறான ஒரு சுவை வளர்ந்தது.

தெற்குக் கலிபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் ஆகிய உலர்ந்த ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு வண்டிகளின் பாரத்தைக் கழித்து, என்ஜினை மாற்றியமைத்து, வேகத்தை அளந்து போட்டியிட்டார்கள். 1937-இல் அவர்களது மன்றங்கள் இணைந்து தெற்குக் கலிபோர்னிய நேரக் கணிப்புச் சங்கம் உருவாயிற்று. ஏரிப் படுகையில் சைலன்சர் தேவையில்லை, ஆனால் அங்கே ஓடிய வண்டி மறுநாள் நகரத் தெருவிலும் ஓட வேண்டியிருந்தது. வாயுவைத் தடுக்காமலும் போலீசார் கண்ணில் குற்றமாகாமலும் இருக்கத்தக்க ஒரு சைலன்சருக்கான தேவை இங்கிருந்தே எழுந்தது.

நேர்வழிச் சைலன்சர் அந்தத் தேவையின் விடை. துளைகள் இட்ட ஒரு குழாய் நேராகச் செல்ல, அதைச் சுற்றிலும் ஓர் உருளை உறையில் இழைப்பொருள் அடைக்கப்படுகிறது. வாயு தடையின்றி நேரே போக, ஒலி அலை மட்டும் துளைகள் வழியே இழைகளுக்குள் புகுந்து உராய்வினால் வெப்பமாகக் கரைகிறது. முதலில் எஃகுக் கம்பளியும், 1930-களில் அமெரிக்க நிறுவனங்கள் பெருமளவில் செய்யக் கற்ற கண்ணாடி இழை மலிந்த பின் அதுவும் உள்ளே அடைக்கப்பட்டன. இழை நிறைந்த சைலன்சர் உயர்ந்த அதிர்வெண்களையே நன்றாக விழுங்கும். நீண்ட அலைகளான தாழ்ந்த அதிர்வெண்களுக்கு அந்த மெல்லிய இழைப்படலம் பெருந்தடையல்ல. எனவே சீற்றமும் கரகரப்பும் நீங்கி, அடிவயிற்றில் அதிரும் கனத்த ஒலி எஞ்சியது. ஓசையைக் குறைக்க உண்டான கருவி, ஓசையின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துக் காட்டும் கருவியாக மாறிய இடம் இதுவே. மாற்றுச் சைலன்சரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை. சில ஆண்டுகள் ஓடியபின் இழை எரிந்தும் உதிர்ந்தும் போவதால் அதன் ஓசை மேலும் பெருகியது என்பதையும் இதனோடு சேர்த்துக் கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடு திரும்பிய வீரர்கள் கையில் பணமும் இயந்திர அறிவும் இருந்தன. 1948 ஜனவரியில் தொடங்கிய ஹாட் ராட் இதழ் இந்த வழக்கங்களை நாடெங்கும் கொண்டுசென்றது. செவ்ரலே பிக்கப்களில் இருந்த ஆறு சிலிண்டர் என்ஜினையும் இந்த ஆர்வம் விட்டுவைக்கவில்லை. அதன் வெளியேற்று வாயிலை இரண்டாகப் பிளந்து, முன் மூன்று சிலிண்டருக்கு ஒரு குழாயும் பின் மூன்றுக்கு ஒரு குழாயும் பொருத்தினார்கள். எரிப்பு வரிசை 1-5-3-6-2-4 ஆகையால் வெடிப்புகள் முன்னும் பின்னுமாக மாறி மாறி விழுகின்றன. ஒவ்வொரு குழாயும் பாதி எண்ணிக்கையிலான வெடிப்புகளையே ஏற்பதால் சுருதி தாழ்ந்து, ஆறு சிலிண்டர் என்ஜினுக்கு அதுவரை இல்லாத தெறிப்பு கிட்டியது. பண்ணை வண்டி ஒன்று தனக்கெனத் தேர்ந்த குரலைப் பெற்ற முதல் நிகழ்வுகளுள் இதுவும் அடங்கும்.

துருவின் வணிகம்

விருப்பத்தால் சைலன்சர் மாற்றியோர் சிலரே. கட்டாயத்தால் மாற்றியோர் கோடிக்கணக்கானோர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. குறுந்தூரம் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில் அந்த ஆவி சைலன்சருக்குள் குளிர்ந்து, எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி, சாதாரண எஃகை உள்ளிருந்து அரிக்கும். பனிக்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு வெளியிலிருந்து அரிக்கும். சில ஆண்டுகளுக்கொருமுறை சைலன்சர் ஓட்டையாகிப் போவது அக்கால வண்டிகளின் இயல்பு.

இத்துருவின் மேல் ஒரு பெருந்தொழில் எழுந்தது. நேட் ஷெர்மன் தொடங்கிய மிடாஸ் நிறுவனத்தின் முதற்கடை 1956-இல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் திறக்கப்பட்டது. வாங்கியவர் அந்த வண்டியை வைத்திருக்கும் வரை சைலன்சருக்கு உத்தரவாதம் என்ற அதன் அறிவிப்பு வணிக உலகில் பெயர்பெற்றது. 1972-இல் டெக்சாஸின் ஹூஸ்டனில் மைனகி தொடங்கிற்று. சங்கிலிக் கடைகளோடு, ஒவ்வொரு சிற்றூரிலும் நீரழுத்த இயந்திரத்தால் நேர்க் குழாயை வேண்டியவாறு வளைத்துப் பற்றவைக்கும் தனிப் பட்டறைகளும் பெருகின. பிக்கப் வண்டி அவற்றுக்கு ஏற்ற வாடிக்கை: தரையிலிருந்து உயரமாக நிற்பதாலும் தொட்டிக்கு அடியில் இடம் தாராளமாக இருப்பதாலும் விரும்பிய அளவுச் சைலன்சரை விரும்பிய இடத்தில் வைக்கவும், குழாயைப் பின்சக்கரத்துக்கு முன்பாகப் பக்கவாட்டிலோ, தொட்டியின் முடிவிலோ முடிக்கவும் இயன்றது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் நடத்திய பட்டறைகளின் வாசலில், கழற்றியெறிந்த சைலன்சர்களையும் குழாய்களையும் பற்றவைத்து ஆக்கிய மனித உருவங்கள் விளம்பரமாக நின்றன. தொழிலின் கழிவிலேயே கலையைக் கண்ட அந்தக் கைகளுக்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகம் 1999-இல் காட்சிப்படுத்தி மதிப்பளித்தது.

இந்த வணிகத்தின் அடித்தளம் மெல்லச் சரிந்தது. 1980-களிலும் 1990-களிலும் தயாரிப்பாளர்கள் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியபோது, சைலன்சரின் ஆயுள் வண்டியின் ஆயுளை நெருங்கிவிட்டது. துரு தந்த வாடிக்கை குறையக் குறைய, மாற்றுச் சைலன்சர் விற்போர் தம் பொருளை வாங்குவதற்கு வேறொரு காரணத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. அந்தக் காரணம் ஒலி.

அறைகளின் அறிவியல்

ஒலியைத் திட்டமிட்டு வடிக்க உதவும் அறிவு அதற்குள் திரண்டிருந்தது. அமெரிக்க அரசின் வானூர்தி ஆய்வுக் குழுவான நாக்கா 1954-இல் வெளியிட்ட 1192-ஆம் அறிக்கை, குழாயின் அகலம் திடீரென விரியும் இடத்திலும் சுருங்கும் இடத்திலும் ஒலி அலை எவ்வாறு பின்னோக்கித் திரும்புகிறது, பக்கத்தில் ஒட்டிய மூடிய அறை எந்த அதிர்வெண்ணை விழுங்குகிறது என்பவற்றைக் கணக்கிட்டும் சோதித்தும் காட்டியது. இன்றைய பொறியாளரும் அதை எடுத்துப் புரட்டுகிறார்கள். இழைச் சைலன்சர் ஒலியை உறிஞ்சுவது போலன்றி, அறைச் சைலன்சர் ஒலியை ஒலியாலேயே அடக்குகிறது: அறைச்சுவரில் மோதித் திரும்பும் அலையின் மேடு, வந்துகொண்டிருக்கும் அலையின் பள்ளத்தோடு சந்தித்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். அறையின் நீளம் எந்த அதிர்வெண் அழியும் என்பதைத் தீர்மானிப்பதால், அளவுகளை மாற்றி மாற்றித் தாழ்ந்த ஒலியிலும் விரும்பியதை விட்டுவைக்கவும் விரும்பாததை நீக்கவும் முடியும்.

பின்னழுத்தத்தின் சிக்கலுக்கும் எதிர்பாராத திசையிலிருந்து விடை வந்தது. செவ்ரலே 1962-இல் வெளியிட்ட கார்வேர் மான்சா ஸ்பைடரின் என்ஜினில், கழிவு வாயுவினால் சுழன்று காற்றை உள்ளே அழுத்தும் டர்போசார்ஜர் இருந்தது. அதன் சுழலி வெடிப்பலைகளைத் தானே மழுக்கிவிட்டமையால், அவ்வண்டியின் சைலன்சர் வாயுவை அதிகம் தடுக்காத எளிய அமைப்போடு இருந்தது. அதைக் கழற்றி வேறு என்ஜினில் பொருத்தினால் வலிமை குறையாமல் ஓசை அளவோடு நிற்பதை ஆர்வலர்கள் கண்டார்கள். டர்போ மஃப்ளர் என்ற வகையே சந்தையில் உருவாயிற்று. சைலன்சர் அமைதியாக இருந்தாலும் என்ஜின் வலிமை இழக்க வேண்டியதில்லை என்று இந்த நிகழ்வு மெய்ப்பித்தது. ஓசைக்கும் வலிமைக்கும் இடையே திறப்பு வால்வின் நாள்களில் ஏற்பட்ட பிணைப்பு, பொறியியல் அளவில் இத்துடன் தளர்ந்துவிட்டது.

ரே ஃப்ளக்கர் 1983-இல் கலிபோர்னியாவில் நிறுவிய ஃப்ளோமாஸ்டர், பந்தயத் தடங்களும் ஒலி வரம்பு விதிக்கத் தொடங்கிய சூழலில் பிறந்தது. இழையே இல்லாமல், ஆப்பு வடிவத் தகடுகளால் வாயுவைப் பிரித்து மீண்டும் சந்திக்க வைக்கும் அதன் அறைச் சைலன்சர், பந்தய வண்டியிலிருந்து பிக்கப்புக்கு விரைவில் இறங்கியது. திடுமெனத் தாக்கி அடங்கும் அதன் கரடுமுரடான ஒலி, வி-8 பிக்கப்களின் அடையாளமாகவே பலருக்குத் தோன்றியது. ருமேனியாவிலிருந்து குடியேறிய அலெக்ஸ் போர்லா 1978-இல் தொடங்கிய நிறுவனம், துருப்பிடிக்காத எஃகில் நேர்வழிக் குழாய்களைக் கட்டி, வழுவழுப்பான ஒலியை விரும்பியோரை ஈர்த்தது. ஒருவர் அறைச் சைலன்சரையும் மற்றொருவர் நேர்வழிச் சைலன்சரையும் ஒரே மாதிரி வண்டியில் பொருத்தினால் முதலாவது பேஸ் மிகுந்து முரடாகவும், இரண்டாவது சுழற்சி ஏற ஏறத் திறந்து கூர்மையாகவும் ஒலிக்கும். இரண்டிலும் கிடைக்கும் கூடுதல் குதிரைத்திறனோ பெரும்பாலும் ஓட்டுநர் உணர இயலாத அளவிலேயே நிற்கிறது.

சட்டத்தின் இடுக்கில் பிறந்த வண்டிகள்

1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் பிக்கப்பின் குரலை இன்னொரு வழியில் மாற்றியது. அதன் விளைவாக 1975 முதல் கார்களில் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டது; தேன்கூடுபோன்ற நுண்குழல்கள் வழியே வாயுவைச் செலுத்தி நச்சைக் குறைக்கும் அக்கருவி, கூடவே ஒலியின் கூர்மையையும் மழுக்கும். ஆனால் சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரக்குகளுக்கு அப்போது அது கட்டாயமில்லை. ஃபோர்டு அதே 1975-இல் கொண்டுவந்த எஃப்-150 அந்த எல்லையைச் சற்றே தாண்டுமாறு எடை குறிக்கப்பட்ட வண்டி. எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்க டிரக் விற்பனையில் முதலிடம் பெற்றதற்கு அதுவும் துணைநின்றது.

அதே இடுக்கைத் துணிவாகப் பயன்படுத்தியது டாட்ஜ் நிறுவனத்தின் 1978-ஆம் ஆண்டு லிட்டில் ரெட் எக்ஸ்பிரஸ். 5.9 லிட்டர் வி-8 என்ஜினும், ஓட்டுநர் அறைக்குப் பின்னால் இருபுறமும் செங்குத்தாக எழுந்து நின்ற குரோமியக் குழாய்களும் கொண்டிருந்த அந்தச் சிவப்பு பிக்கப், கார் அண்டு டிரைவர் இதழின் சோதனையில் அன்றைய அமெரிக்க வண்டிகளுள் மணிக்கு 100 மைல் வேகத்தை மிக விரைவில் எட்டியதாகப் பெயர்பெற்றது. மாற்றுப் பட்டறைகளில் மட்டும் கிடைத்துவந்த தோற்றத்தையும் குரலையும் ஒரு பெருநிறுவனம் தானே செய்து விற்ற நிகழ்வு அது. அடுத்த ஆண்டே அவ்வண்டிக்கும் வினையூக்கி மாற்றி வந்தது. அதன் பின் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியைத் தொடுவது சட்ட மீறலாகையால், மாற்றுச் சைலன்சர் தொழில் அதற்குப் பின்னால் உள்ள குழாயையும் சைலன்சரையும் மட்டும் முழுத் தொகுதியாகச் செய்து விற்கும் வழக்கத்தில் நிலைகொண்டது; கேட்-பேக் என்று கடைகளில் கேட்கப்படும் தொகுதி இதுவே.

ஓட்டுநர் அறைக்குள் ஒலிக்கும் சுருதி

மாற்றுச் சைலன்சரை வாங்கியோர் பெரும்பாலும் எதிர்கொண்ட இடர், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் செல்லும்போது அறைக்குள் ஓயாமல் நீளும் முழக்கம். பிக்கப்பின் ஓட்டுநர் அறை ஒரு மூடிய பெட்டி. காரில் இருப்பதுபோல் பின்னால் நீளும் பொருள்வைப்பு இடம் அதற்கு இல்லை, பின்சுவரே கண்ணாடியும் மெல்லிய தகடுமாக நிற்கிறது. பெட்டியின் நீளம் ஒலியின் அலைநீளத்தில் பாதியாக இருக்கும்போது ஒத்ததிர்வு, அதாவது தன்னியல்பான அதிர்வெண்ணில் உள்ளே ஒலி பன்மடங்காகும் நிலை, ஏற்படுகிறது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஒற்றை இருக்கை அறைக்கு அது ஏறத்தாழ 115 ஹெர்ட்ஸ். வி-8 என்ஜின் நிமிடத்துக்கு 1700 சுழற்சியில் எழுப்பும் அடிப்படை அதிர்வெண்ணும் ஏறக்குறைய அதுவே. இரட்டை இருக்கை வரிசை கொண்ட நீண்ட அறைக்கு அந்த எல்லை 75 முதல் 85 ஹெர்ட்ஸ் வரை இறங்குவதால், ஒரு வண்டியில் இனிமையாக ஒலித்த அதே சைலன்சர் அடுத்த வண்டியில் தலைவலியாக மாறுகிறது.

என்ஜின் தொழில்நுட்பமும் இந்த இடரை வளர்த்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2007-ஆம் ஆண்டு வடிவ பிக்கப்களில் பரவலாகப் புகுத்திய ஏற்பாட்டில், சுமை குறைந்தபோது எட்டில் நான்கு சிலிண்டர்கள் உறங்கிவிடும்; எரிபொருள் மிச்சமாகும், ஆனால் 120 ஹெர்ட்ஸ் ஒலி ஒரே கணத்தில் 60 ஹெர்ட்ஸாக இறங்கும். தொழிற்சாலைச் சைலன்சர் இவ்விரு நிலைக்கும் சேர்த்தே வடிக்கப்பட்டிருந்தது. மாற்றுச் சைலன்சர்கள் பல அவ்வாறு இல்லை. இதற்கு மருந்தாக வந்தது, முக்கியக் குழாயில் கிளையாக ஒட்டப்படும் முனை மூடிய குழல். அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், உள்ளே போய்த் திரும்பும் அலை முழக்கத்தைத் துல்லியமாக அழிக்கும். சூடான வாயுவில் ஒலி நொடிக்கு 480 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டால், 120 ஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டர் குழல் தேவைப்படும். இவ்வளவு நீளத்தை ஒளித்துவைக்க பிக்கப்பின் அடிச்சட்டத்தில் இடம் உண்டு என்பதால், இந்த எளிய குழல் வித்தை அவ்வண்டிகளில் நன்கு பயன்பட்டது.

அயலாரின் காது

ஓட்டுநரின் காது இவ்வாறு கவனிக்கப்பட, தெருவில் உள்ளோரின் காதுக்குச் சட்டமே காவலாக நின்றது. கலிபோர்னியச் சட்டத்தின் 27151-ஆம் பிரிவு, ஓசையைப் பெருக்குமாறு சைலன்சரை மாற்றுவதைத் தடுப்பதோடு, மொத்த எடை 6,000 பவுண்டுக்குக் குறைந்த வண்டிகளுக்கு 95 டெசிபல் என்ற சோதனை வரம்பையும் வகுத்தது. நியூயார்க் மாநிலம் 2021-இல் இயற்றிய சட்டம், இரைச்சல் மிகுந்த சைலன்சருக்கான அபராதத்தின் உச்சத்தை 1,000 டாலராக உயர்த்தியது. எனினும் அளக்கும் முறையிலேயே ஒரு குறை உள்ளது. வழக்கமான ஒலியளவி மனிதச் செவியின் இயல்பைப் பின்பற்றித் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்தே கணக்கிடும்: 125 ஹெர்ட்ஸில் 16 டெசிபலும், 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலும் கழித்துவிடும். அடிக்குரலில் முழங்கும் பிக்கப் இதனால் சோதனையில் தேறிவிட, சுவரையும் சாளரத்தையும் ஊடுருவி உறங்குவோரை எழுப்புவதும் அந்தத் தாழ்ந்த ஒலியே. சுகாதாரத் துறையின் டிரக் 1929-இல் எழுப்பிய கேள்விக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை என்றே இதைக் கொள்ள வேண்டும்.

விலைக்கு வந்த குரல்

ஃபோர்டு 2011-இல் எஃப்-150 வண்டிக்கு டர்போசார்ஜர் இரண்டு கொண்ட ஆறு சிலிண்டர் என்ஜினைத் தந்தபோது, பெரிய வி-8 என்ஜினுக்கு நிகரான இழுவிசை குறைந்த ஓசையோடு வந்தது. வாங்குவோர் வலிமையைக் காதாலும் உணர விரும்பியமையால், சில ஆண்டுகளில் அதே வண்டியின் ஒலிபெருக்கிகள் வழியே என்ஜின் ஒலியை மிகைப்படுத்தி ஒலிபரப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. 2021-ஆம் ஆண்டு ராப்டர் பிக்கப்பில் குழாயை வளைத்து நீட்டி இருபுறப் பாதைகளையும் சம நீளமாக்கியதோடு, அமைதி முதல் பாலைவன ஓட்டம் வரை நான்கு நிலைகளில் ஒலியை மாற்றும் வால்வையும் நிறுவனமே பொருத்தியது. 2022-இல் விற்பனைக்கு வந்த மின்சார எஃப்-150-இல் புகைக்குழாயே இல்லை. மாறாக, மின்சார, கலப்பு வண்டிகள் குறைந்த வேகத்தில் பாதசாரிகளுக்குக் கேட்குமாறு ஒலி எழுப்ப வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் கூட்டரசு விதி வலியுறுத்துகிறது. ஓசையைக் குறைக்கச் சொல்லி நூறாண்டு போராடிய சட்டம், ஓசையை உண்டாக்கச் சொல்லவும் வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது.

இந்த வரலாற்றின் வழியே தெளிவாவது, பிக்கப்பின் முழக்கம் வலிமையின் தவிர்க்கவியலாத விளைவாக இருந்தது அதன் தொடக்க ஆண்டுகளில் மட்டுமே என்பதுதான். டர்போ மஃப்ளர் முதல் வால்வு பொருத்திய குழாய் வரை, அதன் பின் வந்த ஒவ்வொரு முன்னேற்றமும் ஓசையை வலிமையிலிருந்து பிரித்து, ஓட்டுபவரின் விருப்பத்துக்கு உரியதாக ஆக்கியிருக்கிறது. விருப்பத்துக்கு உரியதாகிவிட்ட ஒன்றுக்குத் தேவையைக் காரணம் காட்டி விலக்குக் கேட்க முடியாது. அதற்கு உரிய பொறுப்பும் விரும்பியவரையே சாரும். வி-8 என்ஜினின் சமமில்லாத தாளத்தை அழகாக வடித்துக் காட்டும் கைவினையைப் போற்றுவதும், உறங்கும் தெருவின் அமைதியைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் ஒரே குழாயில் நிறைவேற்றும் அறிவு இத்தொழிலுக்குக் கைவந்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் பண்பு வாடிக்கையாளரிடமும், தாழ்ந்த ஒலியையும் உள்ளபடி அளக்கும் நேர்மை சட்டத்திடமும் வளர வேண்டும்.